கறுப்பு வேட்டி வெள்ளையாத் தெரிஞ்ச படம்

ஐயய்யோ சார், மூடுங்க! அந்த டப்பாவ மொதல்ல மூடுங்க! வெளிச்சத்துல தொறந்துட்டீங்களே... தொறக்கலையா? மூடியில கைதான் வச்சீங்களா? சரி சரி. கத்துனதத் தப்பா நெனைக்காதீங்க. உக்காருங்க. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க.

இந்தப் பிலிம மத்த பிலிம் மாதிரி நெனைச்சுறாதீங்க சார். மத்ததுன்னா சுருள் வாயில வெல்வெட்டுத்துணி வச்சு அடைச்சிருப்பான், வெளிச்சம் உள்ள போகாது. இது அப்பிடியில்ல. வெளிய நீட்டிக்கிட்டு இருக்குல்ல நாக்கு, அது வழியாவே வெளிச்சம் உள்ளுக்க ஓடிரும். கும்மிருட்டுல டப்பாவத் தொறக்கணும், கும்மிருட்டுலயே கேமராவுல மாட்டணும். நம்ம டார்க் ரூம்ல செவப்பு பல்பு எரியும்ல, அதுகூட இதுக்கு வெசம். மொத மொதப் பழகுறவன் அங்கதான் சார் கோட்டை விடுவான்.

ஆமா, ரிட்டயர் ஆயாச்சா? பேங்கா? நல்லதாப் போச்சு. மகன் வெளிநாட்டுல இருந்து கேமராவும் பிலிமும் அனுப்பியிருக்கான், எப்பிடித் தொடங்கறதுன்னு தெரியல, அதான? என்னைய யாரு காட்டி விட்டது? பஸ் ஸ்டாண்டு டீக்கடையா? வேற என்ன சொன்னான்? ஒண்ணும் சொல்லலையா? சொல்லியிருப்பான். பரவால்ல, அவனுக சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். பிலிம் வெவரமும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

அது நடந்து இருபத்தாறு வருசம் ஆச்சு சார். அப்பவும் இந்த ரூம்தான் ஸ்டுடியோ. இந்த ஏரியாவுல வீரணன் பிரிண்ட் போட்டா வேற ஆளு போட வேணாம்பாய்ங்க. தேக்கடிக்குப் போன ஒரு வெள்ளைக்காரருக்கு கேமரா சிக்கிக்கிச்சு, நான் எடுத்து விட்டேன். அந்த சந்தோசத்துல இதே மாதிரி மூணு சுருள் குடுத்துட்டுப் போனாரு. கூட ஒரு நோட்டீசு. டிக்சனரி வச்சு எழுத்தெழுத்தாப் படிச்சேன். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்னு ஒண்ணு இருக்கு, இன்ப்ரா ரெட்டுன்னு பேரு, அத இந்தப் பிலிம் புடிக்கும்னு போட்டிருந்துச்சு. பச்ச எல வெள்ளையாத் தெரியும். வானம் கறுப்பாத் தெரியும். இன்னொண்ணும் போட்டிருந்துச்சு. கறுப்புத் துணியில சில சாயம் வெள்ளையாத் தெரியும், அதுல ரத்தம் பட்டிருந்தா அது மட்டும் கறுப்பா நிக்கும், வெளிநாட்டுப் போலீசு இத வச்சுத்தான் கண்டுபுடிக்கிறாய்ங்கன்னு.

இத நான் டீக்கடையில சொன்னேன். ஒரு தடவை இல்ல, ஒரு வாரமாச் சொன்னேன். தெரிஞ்ச வெசயத்தச் சொல்றது தப்பா சார்?

மொத சுருள் என்னாச்சுன்னு கேளுங்க. எந் தங்கச்சி பவுனுத்தாயோட புருசன் மொக்கராசு. பக்கத்துலதான் டிராக்டர் ஷெட்டு, மெக்கானிக்கு. கோவக்காரப் பய. அந்தக் கார்த்திகையில ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். ரெண்டு கறுப்பு வேட்டி, ஒண்ணத் துவைச்சா ஒண்ணக் கட்டுவான். அந்த வேட்டியோடதான் டிராக்டருக்கு அடியில படுப்பான். மாலை போட்டவன்னா எல்லாரும் சாமிதான? நேத்து வரைக்கும் "டேய்"ன்னவன்லாம் "சாமி, அந்த ஸ்பேனர எடு சாமி"ம்பாய்ங்க.

நான் வெளிய போயிருந்த நேரம் அவன் உள்ள வந்து டப்பாவத் தொறந்து, பிலிம டர்ருன்னு முழுசா இழுத்து, சன்னல்ல தூக்கிப் பாத்துக்கிட்டு நிக்கிறான் சார். "ஒண்ணுமே தெரியலையே மச்சான்"ங்கறான். எனக்கு எப்பிடி இருக்கும்? கையில கெடைச்சது கேமரா ஸ்டாண்டு. போட்டேன். தோள்ல ரெண்டு, முதுகுல மூணு. ஒண்ணு காதுல பட்டுருச்சு. அது நான் குறி வச்சது இல்ல, அவன் திரும்புனதால பட்டது. ஸ்டாண்டு காலு வளைஞ்சு போச்சு, இன்னும் வளைஞ்சுதான் இருக்கு, இந்தா பாருங்க.

அவன் திருப்பி அடிச்சிருந்தா நான் அன்னிக்கே செத்துருப்பேன். அப்பிடி உடம்பு. ஆனா கையத் தூக்கல. காதப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். "மாலை போட்டிருக்கேன் மச்சான். மலைக்குப் போய்ட்டு வந்து கணக்கு தீத்துக்கிறேன்"ன்னான். அதான் சார் எனக்கு ஆத்தாமை. அடிச்சவன் நான், பெரிய மனுசன் அவனா?

பவுனு வந்து மஞ்சள் அரைச்சுப் பத்து போட்டா. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. அவ அப்பிடித்தான், பேசவே மாட்டா.

ரெண்டாவது சுருள் செவ்வாக்கிழமை எடுத்தேன். இதுக்கு உச்சி வெயில் வேணும் சார், மேகம் போட்டா ஒண்ணும் வராது. ஸ்டாண்டு கண்டிப்பா வேணும். அந்த அடர் செவப்பு பில்டர் இருக்கு பாத்தீங்களா, அத மாட்டிட்டா உள்ள ஒண்ணும் தெரியாது. அதனால மொதல்ல பாத்து வச்சுட்டு அப்பறம் பில்டர் போடணும். போகஸ் பண்ணிட்டு அங்கயே விட்டுறக் கூடாது. லென்சுல பக்கத்துலயே சின்னதா ஒரு செவப்புக் கோடு இருக்கும், அந்தக் கோட்டுக்குத் திருப்பணும். இது முக்கியம். கண்ணு பாக்கற எடம் வேற, பிலிம் பாக்கற எடம் வேற.

வாய்க்கா கரையில, தென்னந்தோப்பு ஓரமா வச்சேன். தென்ன மட்டையெல்லாம் வெள்ளையா வரும், நடுவுல ஒரு ஆளு வேணும். மொக்கராசக் கூப்பிட்டேன். அஞ்சு நாளைக்கு முன்னாடி அடி வாங்குனவன், டிராக்டருக்கு அடியில இருந்து எந்திரிச்சு அப்பிடியே வந்தான். "அசையாத"ன்னேன். செல மாதிரி நின்னான். காது இன்னும் வீங்கித்தான் இருந்துச்சு.

அன்னிக்குச் சாயந்தரம் எதுத்த கரைத் தோப்புல தவசின்னு ஒருத்தன் கெடந்தான். வெட்டிப் போட்டிருந்தாய்ங்க. பதினோரு வெட்டு. காலையிலயே நடந்துருக்கு, ஈ மொச்சுப் போச்சு. இந்தத் தவசிக்கும் மொக்கராசுக்கும் ஆடி மாசம் சந்தையில சண்டை. மொக்கராசு ரிப்பேர் பாத்த டிராக்டர் சரியா ஓடலன்னு தவசி ஸ்பேனர் பொட்டிய எட்டி ஒதைச்சான், மொக்கராசு அவன் சட்டையப் புடிச்சு "ஒன்னைய வகுந்துருவேன்டா"ன்னான். சந்தையே கேட்டுச்சு. அதுக்குப் பெறகு ரெண்டு பேரும் ராசியாகி டீ குடிச்சதையும் நான் பாத்தேன். ஆனா அத யாரு ஞாபகம் வச்சிருக்கா? போலீசு மொக்கராசக் கூட்டிட்டுப் போயி விசாரிச்சுட்டு விட்டுட்டாய்ங்க. காலையில பூரா ஷெட்டுலதான் இருந்தேன்னான். ஷெட்டுல அவன் தனியாத்தான் இருந்தான். அதுதான் வெனை.

சனிக்கிழமை கழுவுனேன், ஞாயித்துக்கிழமை பிரிண்ட் போட்டேன். சார், அந்தப் படம்! நான் தொழில்ல எடுத்த படத்துலயே அதுதான் படம். தென்னையெல்லாம் உப்புல செஞ்ச மாதிரி. வானம் கன்னங்கரேர்னு. மொக்கராசு நடுவுல நிக்கிறான், கறுப்பு வேட்டி பாலா வெளுத்து நிக்குது. மொகம் மெழுகு மாதிரி, கண்ணு மட்டும் குழி. வேட்டியில முழங்காலுக்கு மேல நாலஞ்சு கறுப்புத் திட்டு. நான் அதப் பெருசா எடுத்துக்கல. பெரிய சைசுல போட்டு, கல்யாணப் படத்தையெல்லாம் எடுத்துட்டு, ஷோகேசுல நடுவுல வச்சேன். ஊரே வந்து நின்னு பாத்துச்சு.

சாயந்தரம் தவசியோட அண்ணன் சின்னமாயன் வந்தான். எழவு வீட்டுத் தாடியோட. ரொம்ப நேரம் பாத்தான். "ஏண்ணே, பிரிண்ட் கெட்டுப் போச்சா? வேட்டியில என்ன கறை?"ன்னு கேட்டான்.

இப்ப நீங்களே சொல்லுங்க சார். அப்பவே இருபது வருசமாத் தொழில் பாத்தவன்கிட்ட வந்து, பத்துப் பேர் முன்னாடி, பிரிண்ட் கெட்டுப் போச்சான்னு கேட்டா? "என் கையில பிரிண்ட் கெடுமாடா? கறை படத்துல இல்ல, வேட்டியில"ன்னேன். "வேட்டியில என்ன கறைண்ணே? நேர்ல ஒண்ணும் தெரியலையே"ன்னான். "நேர்ல தெரியாது. இந்தப் பிலிம்லதான் தெரியும். ரத்தங்கித்தம்னா இப்பிடித்தான் கறுப்பா நிக்கும், வெளிநாட்டுல போலீசே இத வச்சுத்தான் புடிக்கிறான்"ன்னேன். பிலிமோட பெருமையச் சொன்னேன் சார். மொக்கராசப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொன்னேனா? இல்லையே.

அவன் இன்னொரு தடவை அந்த வேட்டியப் பாத்துட்டு எறங்கிப் போய்ட்டான்.

திங்கக்கிழமை காலையில பத்து மணி இருக்கும். நான் டார்க் ரூம்ல மூணாவது சுருள் மாட்டிக்கிட்டு இருந்தேன். இந்தா, இந்தக் கதவுதான். உள்பக்கம் தாப்பா. கதவுக்கு அடியில சாக்கு திணிச்சு, செவப்பு பல்பையும் அணைச்சுட்டு, கைய மட்டும் நம்பி மாட்டணும். வெளிய ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. ஷோகேசு கண்ணாடி உடைஞ்சு விழுகற சத்தம். அப்பறம் இந்தக் கதவு. தட தட தடன்னு. "மச்சான், தொறங்க மச்சான்! மச்சான் கதவத் தொறங்க!"

ஒரு சுருள் அவனாலதான் கெட்டுச்சு, ஞாபகம் இருக்குல்ல? "பிலிம் இருக்கு மாப்ள, ஒரு நிமிசம் பொறு"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். "மச்சான் வெட்டுறாய்ங்க மச்சான்"னான். மொத வெட்டு கதவுல விழுந்துச்சு. அந்தக் காலண்டரத் தூக்கிப் பாருங்க, தெரியும். ரெண்டாவது கதவுல விழுகல.

வெறகு ஒடைக்கற மாதிரி சத்தம் கேக்கும்னு நெனைச்சுருப்பீங்க. இல்ல சார். ஈரத்துணியக் கல்லுல அடிச்சா ஒரு சத்தம் வரும்ல, அதான். நான் கேமராவ மடியில வச்சுக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு, கேமராவோட பின்மூடிய மூடி, மொதப் படத்துக்கு ஓட்டிட்டு உக்காந்திருந்தேன்.

என்ன பாக்கறீங்க? கேமராவ மூடுனதுக்குப் பெறகு கதவத் தொறந்திருக்கலாமேன்னா? அப்பத்தான் சார் மூடுனேன். இல்ல... அவன் தட்டும்போதே மூடிட்டனா... இருட்டுல நேரம் தெரியாது சார். நீங்க இருட்டுல உக்காந்து பாத்துட்டு வந்து பேசுங்க. தொறந்திருந்தா ரெண்டு பொணம். அம்புட்டுதான்.

அவன் கையில பெரிய ஸ்பேனர் இருந்துச்சாம். ஷெட்டுல இருந்து அப்பிடியே ஓடி வந்துருக்கான். டீக்கடையில நின்னு பாத்தவய்ங்க சொன்னாய்ங்க. ஓங்குனானாம், அப்பறம் மாலையத் தொட்டுப் பாத்துட்டுக் கீழ போட்டுட்டானாம். கிறுக்குப் பய. வெட்ட வந்த சின்னமாயன் கூட்டம் நாலு பேருல ரெண்டு பேர் மண்டையாவது ஒடைச்சிருக்கலாம். மாலையாம்! வெட்டுனவய்ங்களும் "சாமி, தவசியக் கொன்னுட்டு மலைக்கா போற சாமி"ன்னு சாமி போட்டுத்தான் வெட்டுனாய்ங்க.

சத்தம் அடங்கி ரொம்ப நேரங் கழிச்சுத் தாப்பாவ எடுத்தேன். கதவு தொறக்கல. அவன்தான் சாஞ்சு கெடந்தான். தோள் குடுத்துத் தள்ளிட்டு வந்தேன். காலடியில மாலை மணி சிதறிக் கெடந்துச்சு, வழுக்கிருச்சு எனக்கு. அம்புட்டு ரத்தத்தையும் அன்னிக்கு வரைக்கும் நான் ஒரே எடத்துல பாத்ததில்ல. பவுனு அங்கிட்டு வாசப்படியில நிக்கிறா. இடுப்புல மூணு வயசுப் புள்ள. அழுகல. கதவையே பாத்தா. பெறகு என்னையப் பாத்தா.

போலீசு வந்தாய்ங்க. கொலை நடந்த எடத்தப் படம் புடிக்க எப்பவும் ஸ்டுடியோக்காரனத்தான் கூப்பிடுவாய்ங்க, ஊர்ல நான் ஒருத்தன்தான். நான்தான் எடுத்தேன். பன்னெண்டு படம். ஒண்ணுகூட ஆடல சார். சாதா பிலிம் கெடந்த இன்னொரு கேமராவுல, பிளாஷ் அடிச்சு எடுத்தேன்.

தவசி கேசு அதோட முடிஞ்சு போச்சு. கொன்னவன் மொக்கராசு, செத்துட்டான்னு மூடிட்டாய்ங்க. கோர்ட்டுல எம் படத்தையும் காட்டுனாய்ங்களாம். சின்னமாயனும் மத்த மூணு பேரும் உள்ள போயிட்டு வந்துட்டாய்ங்க, இப்பப் பேரன் பேத்தி எடுத்துட்டாய்ங்க. பவுனு மட்டும் கொலைகாரன் பொண்டாட்டி. அந்தப் புள்ள நர்சு வேலை பாக்குது கோயம்புத்தூர்ல, தங்கமான புள்ள. போன மாசங்கூட பொண்ணு பாத்துட்டுப் போனாய்ங்க, ஊர்ல விசாரிச்சுட்டு வேணாம்னுட்டாய்ங்க. நான் என்ன சார் பண்ண முடியும்? நானும் கல்யாணம் காச்சி பண்ணிக்காம பவுனைத்தான் வச்சுக் காப்பாத்துறேன். மொக்கராசு போட்டோவ செவுத்துல மாட்டக்கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டேன். வர்றவன் போறவன் பாத்தா அசிங்கம்.

மூணாவது சுருளக் கேக்கவே இல்லையே நீங்க?

வீணாக்கல சார். முப்பதாம் நாள் காரியம் முடிஞ்சு, கொடியில அந்த வேட்டி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்குச் செத்தப்பக் கட்டியிருந்தது போலீசோட போச்சு. இது இன்னொண்ணு, படத்துல இருக்கறது. துவைச்சுத் துவைச்சுப் போட்டிருந்தா. எனக்கு ஒரு யோசனை. எடுத்துட்டுப் போயி, பக்கத்துலயே ரெண்டு சொட்டுக் கோழி ரத்தம் வச்சுக் காயவிட்டு, உச்சி வெயில்ல ஒரு படம் எடுத்தேன். கழுவிப் பாத்தா, கோழி ரத்தமும் கறுப்பு, அந்தத் திட்டும் கறுப்பு. ரெண்டும் ஒண்ணு போல. அப்பறம் ஒரு பழைய துணிய மண்ணெண்ணையில நனைச்சு ஒரு திட்ட ஒரு ஓரத்துல தேச்சேன். கறுப்பா வந்துச்சு. ரத்தம் மண்ணெண்ணைக்கு எளகாது, இது எளகி வெரல்ல வழுவழுன்னு ஒட்டுச்சு.

கிரீசு சார். டிராக்டர் கிரீசு.

ரத்தமும் கறுப்பு, கிரீசும் கறுப்பு. நோட்டீசுல ரத்தத்த மட்டுந்தான் போட்டிருந்தான். நோட்டீசு எழுதுனவன் தப்பு அது. நீங்க தெரிஞ்சுக்கங்க, யாரும் இத ஒங்களுக்குச் சொல்லித்தர மாட்டாய்ங்க.

யாருகிட்டச் சொல்லச் சொல்றீங்க? போன உயிர் வரவா போகுது? அப்பச் சொல்லியிருந்தா சின்னமாயன் என்ன சொல்வான், "நீதான்டா ரத்தம்ன"ம்பான். வெட்டுனது அவன், பழி எனக்கா? கோழி ரத்தம் வச்சு எடுத்த அந்தப் பிலிமயும் எரிச்சுட்டேன். வேட்டியையும் எரிச்சுறச் சொல்லி பவுனுகிட்டக் குடுத்துட்டேன்.

அன்னிக்குத்தான் சார் அவ மொதத் தடவை கேட்டா. வேட்டியக் கையில வாங்கிக்கிட்டு, "அண்ணே, அது ரத்தந்தானா?"ன்னா. "ரத்தந்தாம்மா"ன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். அவன் மேல இருக்கற பாசம் அத்துப் போயிரும்ல. அழுவா, முடிஞ்சிரும். ஆனா பாருங்க, வருசா வருசம் கார்த்திகை பொறந்தா ஒரு நாள் வந்து நிப்பா. "அண்ணே, அது ரத்தந்தானா?" இருபத்தாறு வருசமா. புத்தி பெசகிப் போச்சு பாவம். நானும் சளைக்காம ரத்தந்தாம்மா, ரத்தந்தாம்மான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். இந்த வருசம் இன்னும் கேக்கல.

இந்தா, டீ கொண்டாந்துட்டா. வா பவுனு. சார் மதுரையில இருந்து வந்துருக்காரு, நம்மகிட்ட இருந்துச்சுல்ல அந்த மாதிரி பிலிம், அது விசாரிக்க. டீய வச்சுட்டுப் போ. என்னா அது மஞ்சப்பையில?

பவுனு.

என்னாங்கறேன் அது?

எரிக்கலையா நீ? எரிச்சுருன்னுதான குடுத்தேன்! சார், அத வாங்காதீங்க. அவளுக்குப் புத்தி சரியில்ல, இப்பத்தான சொன்னேன். ஏய், சார்கிட்ட என்ன பேச்சு? கதவுக்கு அங்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டா இருந்த? எவ்வளவு நேரமா?

என்னது? "ரத்தம்னா பச்சத்தண்ணியில அலசுனா போயிரும் சார், கிரீசுதான் போகாது, இருவத்தாறு வருசமா நான் துவைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்"னா? அப்பத் தெரிஞ்சுக்கிட்டா கேட்ட? தெரிஞ்சுக்கிட்டே வருசா வருசம் எங்கிட்ட வந்து கேட்டியா? நான் என்ன சொல்றேன்னு பாக்கவா? ஒரு தடவையாச்சும் வாய் தொறந்து சொல்லியிருக்கலாம்ல, தொண்டையில என்ன அடைச்சுச்சு?

கைய ஓங்கலடி. ஓங்கல. ஸ்டாண்டத் தள்ளி வைக்கத்தான் எடுத்தேன். சார், நீங்க உக்காருங்க, நான் ஒண்ணும் பண்ணல, வச்சுட்டேன், பாருங்க.

என்ன கேக்கறா ஒங்ககிட்ட? ஒரு படமா? "ஊரு படத்தப் பாத்துத்தான சார் நம்புச்சு. இத்தன வருசம் துவைச்சும் அந்தக் கறுப்பு அங்கயே இருக்குன்னு இன்னொரு படம் எடுத்துக் குடுங்க. எம் மககிட்டக் குடுப்பேன். சின்னமாயன் வீட்டு வாசல்ல ஒட்டுவேன்." கேட்டீங்களா பேச்ச? வாயே தொறக்காதவ.

எடுக்காதீங்க சார். சொல்றேன்ல. ஒங்க பிலிம் வீணாப் போகும். வெயில் சரியில்ல... வெயில் நல்லாத்தான் இருக்கு. சார், நான் இந்த ஊர்ல இருக்க வேணாமா? சின்னமாயனுக்கு இன்னும் கை இருக்கு சார். எனக்குப் பயமா இருக்கு, வெக்கத்த விட்டுச் சொல்றேன், பயமா இருக்கு. அன்னிக்கும் பயந்தான். பிலிமாவது ஒண்ணாவது. பயந்தான் சார்.

எந்திரிச்சுட்டீங்களா? டார்க் ரூம்லயா மாட்டப் போறீங்க? அந்தத் தாப்பா சிக்கும், தூக்கித் தள்ளுங்க. பவுனு, சாக்க எடுத்துக் கதவுக்கு அடியில திணி, வெளிச்சம் போயிரப் போகுது. நல்லாத் திணி.

மாட்டியாச்சா? கொடியில சுருக்கம் இல்லாமப் போடு பவுனு, திட்டு வெளிய தெரியற மாதிரி. ஸ்டாண்டு காலு வளைஞ்சது சார், ஒரு கல்லு வைங்க அடியில. பாத்துட்டு அப்பறம் பில்டர் போடுங்க. இல்ல, அங்க இல்ல, அங்க விட்டுறாதீங்க, செவப்புக் கோட்டுக்குத் திருப்புங்க. இன்னுங் கொஞ்சம். மங்கலா வந்துச்சுன்னா, அதையும் நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவா.